கிளையின் கழுத்து மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக் கிழக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாமரம் நிற்கிறது. ரஸ்பூரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் குடியாத்தம் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு கட்டிய வருடமே கன்று வைத்தாராம். நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தபோது அதன் இரண்டு பெரிய கிளைகள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வந்துவிட்டிருந்தன. காலை பத்து மணி வரைக்கும் சோலார் ஹீட்டர்மேல் வெயில் விழாது. சம்ப் மூடியைச் சுற்றி இலை அழுகிக் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஊருக்குப் போயிருந்த நேரம், தெருவில் போன மரம் வெட்டும் ஆட்களை நானே கூப்பிட்டேன். ‘மதிலுக்கு நேரா வெட்டிடுங்க, அந்தப் பக்கம் கை வைக்காதீங்க’ என்று சொன்னேன். என் எல்லைக்குள் வந்ததை மட்டும்தானே வெட்டுகிறேன், அவர் மண்ணில் கால்கூட வைக்கவில்லையே என்பது என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை வந்தார். சத்தம் போடவில்லை. மதிலருகே நின்று, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘இங்க வெட்டக்கூடாது தம்பி. கழுத்துல வெட்டணும். கழுத்து உங்க பக்கம் இல்ல, எங்க பக்கம் இருக்குது’ என்றார். உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கு அந்தப் பேச்சைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் தெருவிலும், கம்மனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கம் தெரிந்தவர்கள் வீடுகளிலும் இதே தகராறு நாலைந்தைக் கிட்டத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. சட்டம் என்ன சொல்கிறது, மரத்தின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். அப்போதுதான் அவர் சொன்னதன் எடை புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டம் கொடுக்கிற உரிமை மதில்கோடு வரைக்கும். மரத்துக்கு ஆகவே ஆகாத வெட்டு அந்தக் கோட்டில் விழுகிற வெட்டு. கிளையை அது பிரிகிற இடத்தில் ஒழுங்காக எடுக்க வேண்டுமானால் மரக்காரரின் மண்ணில் ஏணி போட்டே ஆக வேண்டும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும். இந்த முடிச்சைத் தெரிந்துகொள்ளாமல் உரிமை பேசுகிற இடத்தில்தான் சண்டை முற்றுகிறது.

முதலில் இந்த ஊரின் மனை அளவைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் ‘சைட் எவ்வளவு?’ என்று கேட்டால் ‘தர்ட்டி ஃபார்ட்டி’ என்ற பதில் அடிக்கடி காதில் விழும். 30 அடிக்கு 40 அடி, 1200 சதுர அடி. வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே விடுகிற சந்து பல வீடுகளில் 3 அடிதான். அதற்குள்ளேயே சாக்கடைக் குழாய், துணி துவைக்கிற கல், மோட்டார், மிச்சமிருக்கும் மண்ணில் ஒரு கன்று. நல்ல மண் கிடைத்த மாமரத்தின் தலை 30 அடி அகலத்துக்குச் சாதாரணமாக விரியும். ஒரு சைட்டின் முழு அகலமே அவ்வளவுதான். போதாததற்கு, சொந்த வீட்டுச் சுவர் இரண்டு மாடி எழும்பி ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறது. மரம் வெளிச்சம் இருக்கிற பக்கம் போகும். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மொட்டை மாடி. நட்டவர் வேண்டுமென்று செய்ததாகப் பக்கத்து வீட்டில் நினைப்பார்கள். 3 அடிச் சந்தில் மரம் வைத்தால் அது வேறு எங்கும் போக முடியாது.

நம் கிராமங்களில் வாய்க்கால் வரப்புத் தகராறு இல்லாத ஊர் கிடையாது. ஆனால் வரப்பில் நின்ற மரத்தின் நிழலுக்காக வெட்டுக்குத்து என்று அதிகம் கேள்விப்பட்டதில்லை. காரணம் எளிது: எல்லையில் நம்மவர்கள் வைத்தது பனை. கிளை கிடையாது, நேரே மேலே போகும், உச்சியில் ஒரு கொண்டை. யார் வயலையும் மூடாது. நூறு வருடம் நின்று எல்லைக்குச் சாட்சியும் சொல்லும். நகரத்துக்கு வந்த நாம் மாவையும் பலாவையும் பட்டர் ஃப்ரூட்டையும் எல்லையில் வைத்துவிட்டோம். சாப்பிட ஆசைப்பட்டு வைத்தது, தப்பில்லை. ஆனால் வைக்கும்போதே அது இரண்டு வீட்டு மரமாகத்தான் வளரப்போகிறது என்பதை யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

தெருவோரத்து மரங்களை நான் இங்கே சேர்க்கவில்லை. லால்பாக்கைப் பொறுப்பேற்று நடத்திய ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் க்ரும்பிகல், பிறகு 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் என்று பலர் முயற்சியில் வந்தவை அவை. மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை. வாசலில் நின்றாலும் நம்முடையவை ஆகாது. கரண்ட் கம்பியில் கிளை உரசினால் பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது. மதிலுக்குள் நிற்கும் வீட்டு மரத்தில்தான் சிக்கல்.

வீட்டு மரத்திலேயே ஒரு தனி வகை உண்டு. பழைய பெரிய காம்பவுண்டைப் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது கோடு மரத்தின்மேலேயே போய்விடும். அல்லது கன்று வைத்தபோது ஒரு முழம் உள்ளே இருந்தது, முப்பது வருடத்தில் அடிமரம் பருத்து மதிலையே தள்ளிக்கொண்டு நிற்கும். அடிமரமே எல்லைக்கோட்டில் நின்றால் அது பொது மரம். ஒருவர் இன்னொருவரைக் கேட்காமல் வெட்டக் கூடாது. அடிமரம் யார் மண்ணில் முளைத்து நிற்கிறதோ அவருடையதுதான் மரம் என்பது பொது விதி. தகராறு வந்தால் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தால்தான் தீரும். அதுவரைக்கும் ஆளாளுக்குச் சாட்சி கூட்டி வருவார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த மாதிரி.

இப்போது கிளைக்கு வருவோம். பக்கத்து வீட்டு மரத்தின் கிளை நம் எல்லைக்குள் தொங்கினால் அதை வெட்டலாம் என்ற விதி இங்கிலாந்திலிருந்து வந்தது. 1894ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது: தன் மண்ணுக்கு மேலே வந்த கிளையை, மரக்காரரின் மண்ணில் கால் வைக்காமல் வெட்டுவதாக இருந்தால், முன்கூட்டி அறிவிக்கக்கூட வேண்டியதில்லை என்று. இந்திய நீதிமன்றங்களும் இந்த வழியையே பின்பற்றி வந்திருக்கின்றன. ‘இருபது வருஷமா அங்கேதான் தொங்குது, இப்போ என்ன புதுசா?’ என்று மரக்காரர் கேட்க முடியாது. வழி, வெளிச்சம் போன்றவற்றை 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை ஆகிவிடும் என்று 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் சொல்கிறது. கிளைக்கு அது பொருந்தாது. கிளை ஒவ்வொரு வருடமும் நீள்கிறது, புதிதாகத் துளிர்க்கிறது. எந்தக் கிளை எந்த அளவில் 20 வருடம் இருந்தது என்று காட்டவே முடியாது.

இந்த உரிமைக்குள் அடங்காதவை பல. வெட்டிய கட்டை மரக்காரருடையது. பழமும் அப்படித்தான். 1919ல் இங்கிலாந்தில், தன் பக்கம் தொங்கிய பக்கத்து வீட்டு ஆப்பிள்களைப் பறித்து விற்றவர் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ‘எங்க மாடியில விழுந்த மாங்காய் எங்களுக்கு’ என்று நம் தெருக்களில் சொல்லும் நியாயம் பழக்கத்தில் செல்லும், சட்டத்தில் செல்லாது. கிளையை வெட்டும் சாக்கில் மரத்தையே சாகடித்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஆசிட் ஊற்றுவது, அடிமரத்தில் ஓட்டை போட்டு உப்போ மருந்தோ அடைப்பது, இரவோடு இரவாகப் பட்டையைச் சுற்றி உரிப்பது எல்லாம் நடக்கின்றன. இவை தகராறு என்ற எல்லையைத் தாண்டிப்போய்க் குற்றம் ஆகிவிடும்.

இங்கிலாந்து விதியோடு நிறுத்திக்கொண்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்த விதிக்கு மேலே கர்நாடகத்தில் இன்னொரு சட்டம் உட்கார்ந்திருக்கிறது: 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம். தன் மண்ணில் தானே நட்ட மரமாக இருந்தாலும், மர அலுவலரின் முன் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. தென்னை, சவுக்கு, தைல மரம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மீறினால் சிறைக்கும் அபராதத்துக்கும் இடமிருக்கிறது. பெரிய கிளைகளை எடுப்பதற்கும் மாநகராட்சியின் வனப் பிரிவில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதுதான் இங்கே நடைமுறை. பக்கத்து வீட்டுக்காரரோடு நமக்குள்ள உரிமையும் அரசாங்கத்தோடு நமக்குள்ள கடமையும் தனித்தனிக் கணக்கு. முன்னதைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. பழைய பெயர்ப் பலகையை நம்பி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரம் விழும் நிலையில் இருந்தால் வேறு வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்மேலோ வழியில் போகிறவர்கள்மேலோ விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். இலைக் குப்பைக்கும் நிழலுக்கும் இந்தப் பிரிவைக் கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அது சரியான பதிலும்கூட.

சட்டம் இவ்வளவுதான். கழுத்து விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. மரம் வெட்டுகிறவர்களிலும் எல்லோருக்கும் தெரியாது.

ஒரு மாமரக் கிளை பெரிய கிளையிலிருந்தோ அடிமரத்திலிருந்தோ பிரிகிற இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு புடைப்பு இருக்கும். சட்டைக் காலர் மாதிரி சுற்றி வந்து, கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடித்து, மேல்பக்கம் பட்டை சுருங்கி மடிந்திருக்கும். அதைத்தான் பெரியவர் கழுத்து என்றார். கிளையின் நாரும் தாய்மரத்தின் நாரும் ஒன்றையொன்று தழுவிப் பின்னியிருக்கும் இடம் அது. கிளை போய்விட்டால் காயத்தை மூடுகிற திசு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அழுகல் உள்ளே போகாமல் தடுக்கிற தடுப்பும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சி செய்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை நிறுவினார். நம் உடம்பில் புண் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை. கெட்ட திசுவைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அதை அப்படியே உள்ளே அடைத்துவிட்டு, மேலே புதிதாக வளர்கிறது. சுவர் எழுப்பும் இடத்தை விட்டுவிட்டு வெட்டினால் சுவர் எழும்பாது.

கழுத்தை ஒட்டி வெட்டினால், வெட்டுவாயைச் சுற்றி ஓரிரு வருடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் எழும்பி நடுப்பக்கம் நகர்ந்து வரும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு மழமழவென்று வெட்டினால் காயம் பெரிதாகி அடிமரத்துக்குள்ளேயே அழுகல் இறங்கும். கழுத்திலிருந்து தள்ளி, நான் வெட்டச் சொன்னது போல நடுக்கிளையில் வெட்டினால் ஒரு முளை நிற்கும், வெறும் கட்டைத் துண்டு. அந்த முளைக்கு உணவு கொடுக்க இலை இல்லை. மூடிக்கொள்ளத் திசுவும் இல்லை. ஒன்று, அது காய்ந்து, அழுகி, பூஞ்சை பிடித்து, அந்த அழுகல் மெதுவாகக் கழுத்தை நோக்கி நடக்கும். இல்லையென்றால் பட்டைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்து, துடைப்பக்கட்டை மாதிரி நேராக மேலே கிளம்பும்.

எங்கள் மாடிக்கு மேலே நடந்தது இரண்டாவது. ஒரு கட்டையில் பதினோரு குச்சி எண்ணினேன். முதல் வருடம் விரல் கனம், மூன்றாம் வருடம் மணிக்கட்டு கனம். வெட்டுவதற்கு முன்னால் இருந்ததைவிட நிழல் அதிகம். இயல்பாக வளர்ந்த கிளை தாய்மரத்துக்குள் ஆழமாகப் பின்னி நிற்கும். இந்தக் குச்சிகள் வெளி அடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவை, பிடிமானமே கிடையாது. அந்த மே மாதம் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டியோடு பெய்த மழையில் அவற்றில் ஒன்று கிழித்துக்கொண்டு வந்து சோலார் ஹீட்டர்மேல் விழுந்தது. கண்ணாடிக் குழாய் நாலு நொறுங்கியது. எந்தச் சோலாருக்காக வெட்டினேனோ அதே சோலார்.

மதில்கோட்டில் வெட்டுவதில் இன்னொரு ஆபத்து எடை. ஒரு பக்கத் தலை முழுவதையும் சீவிவிட்டால் மரம் மறுபக்கம் கனத்துப்போகும். பெங்களூரில் மரங்கள் அதிகம் சாய்வது ஏப்ரல், மே மாதத்து இடி மழைக் காற்றில்; அந்த நேரத்தில் சமநிலை கெட்ட மரம் மரக்காரரின் வீட்டுமேலேயே போகும். ஒரு வருடத்தில் மொத்த இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்காதே என்பது மரம் கத்தரிப்பவர்கள் வைத்திருக்கிற பொதுக் கணக்கு. நடைமுறையில் இது மீறப்படுவதற்கு ஒரு காரணம் கூலி முறை. வெட்டிய கட்டையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கூலியைக் குறைக்கும் ஆட்கள் உண்டு. அவர்களுக்குத் தடித்த கட்டைதான் லாபம், சில்லுக் கிளைகளில் காசில்லை. அதனால் நுனிப்பக்கம் லேசாகக் குறைத்தால் போதும் என்கிற இடத்திலும் அடிப்பக்கம் ரம்பம் விழும். கூலி கொஞ்சம் கூடினாலும் ‘கட்டை எங்களுக்கே, வேலைக்கு மட்டும் காசு’ என்று பேசுவது மரத்தைக் காப்பாற்றும்.

வெட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கனத்த கிளையை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. கழுத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து மேலாகக் கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்கும் வெளியே மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியில் மிச்சமிருக்கும் முளையைக் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். விழும் கிளையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். தார், பெயிண்ட் பூசுவதால் பெரிதாக ஒரு பலனும் இல்லை. இந்த மூன்றாவது வெட்டு பெரும்பாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் விழுகிற வெட்டு.

முருங்கைக்கு இந்தப் பக்குவமெல்லாம் வேண்டாம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பழைய பேச்சு. வருடம் ஒருமுறை நன்றாகக் கழித்துவிட்டால் காயும் எட்டும், கிளை முறிந்து தகரத்தின்மேல் விழும் பயமும் போகும். கம்பளிப்பூச்சி மதில் தாண்டி வருவதும் குறையும். தென்னைக்குக் கிளையே கிடையாது. மாதம் ஒரு மட்டை விழும், நெற்று விழும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் ஏற்றி இறக்குவது ஒன்றுதான் வழி, அந்தச் செலவு மரக்காரருடையது.

வேர் தகராறு கிளைத் தகராறைவிடக் குழப்பமானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகின்றன. தலையின் நிழலைத் தாண்டியும் வெகு தூரம் போகும். மதிலை வேர் தூக்கிவிடுவது உண்மை. ஆழமில்லாத அஸ்திவாரத்தில் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய மதில் பருக்கும் வேருக்குத் தாங்காது. ஆனால் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டதும் பக்கத்து வீட்டு மரத்தின்மேல் பழி போடுவது அவசரம். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குகிற கரிசல் மண்ணில் மரம் நீரை உறிஞ்சி அஸ்திவாரம் இறங்குவதுண்டு. பெங்களூரின் செம்மண் அந்த அளவுக்குச் சுருங்காது. இன்ஜினியரை அழைத்துக் காட்டிவிட்டுப் பேசலாம். சாக்கடைக் குழாய் விஷயமும் இப்படித்தான். நல்ல குழாயை வேர் துளைப்பதில்லை. பூச்சு விட்ட இணைப்பில் கசிகிற ஈரத்தைத் தேடி நூல் மாதிரி நுழைந்து உள்ளே பருக்கும். குழாயை மாற்றாமல் வேரை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அடிமரத்துக்கு அருகில் ஓடும் தடித்த வேரை வெட்டுவது மரத்தின் நங்கூரத்தை அறுப்பது. என் மண்ணில் வந்த வேரைத்தானே வெட்டினேன் என்று சொல்லலாம். மரம் சாய்ந்தால் கேள்வி வெட்டியவர் வாசலுக்கும் வரும்.

வேம்பும் அரசும் இன்னொரு கணக்கு. இந்த ஊரில் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் அசுவத்தக் கட்டை என்கிற மேடைகளையும் அடியில் நாகர் கற்களையும் தெருமுனைகளில் பார்க்கலாம். தமிழ் வீடுகளில் வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டால் அது அம்மன். அந்தக் கிளையில் கை வைக்க மரக்காரரும் அஞ்சுவார், வெட்டுகிற ஆளும் அஞ்சுவார். இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். நான் பார்த்த ஒரு வீட்டில் இதற்கு நல்ல வழி கண்டார்கள்: ஆடி மாதம் கூழ் ஊற்றி முடித்து, கற்பூரம் காட்டி, அந்த வீட்டு மூதாட்டியே முதல் கொத்து வேப்பிலை ஒடித்துக் கொடுத்த பிறகு ஆள் ஏறினார். இரண்டு குடும்பமும் நின்று பார்த்தது. அப்படி எடுத்த கிளைக்காக யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

காலமும் முக்கியம். மா தை, மாசியில் பூக்கும். பூ வருவது கிளை நுனியில். மார்கழியில் வெட்டினால் அந்த வருட மகசூலையே வெட்டுகிறோம். பழம் பறித்து முடிந்த கையோடு, ஜூன் கடைசி, ஜூலையில் கத்தரித்தால் புதுத்துளிர் முற்றி அடுத்த பூவுக்குத் தயாராகிவிடும். காய்ந்த கிளைக்கு இந்தக் கணக்கு இல்லை. அதைக் கோடை மழைக்கு முன்னால், மாசிக்குள் இறக்கிவிட வேண்டும். கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் குலைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே எண்ணுகிறது.

பக்கத்து வீட்டு மரம் அபாயமாக இருக்கிறது என்று நினைத்தால் எழுதிக் கொடுப்பது நல்லது. மரம் விழுந்து சேதமானால், அது விழக்கூடும் என்று மரக்காரருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதுதான் நீதிமன்றத்தில் முதல் கேள்வி. பட்டை பிளந்திருப்பது, அடியில் காளான் முளைத்திருப்பது, ஒரு பக்கம் மண் மேடு தட்டியிருப்பது போன்றவற்றைத் தேதியோடும் படத்தோடும் கொடுத்தால் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் காகிதம் முதலில் போகக் கூடாது. ஆள் முதலில் போக வேண்டும். வக்கீல் நோட்டீஸில் ஆரம்பித்த இரண்டு தகராறுகளைப் பார்த்தேன். இரண்டிலும் மரம் அப்படியே நிற்கிறது, குழந்தைகள்கூடச் சேர்ந்து விளையாடுவதில்லை.

நேரில் போகும்போது என்ன கேட்பது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘உங்க மரத்தை வெட்டுங்க’ என்றால் காதில் மரத்தை வெட்டு என்றுதான் விழும். இந்தக் கிளை, இந்தக் கணுவோடு, அறுவடைக்கு அப்புறம், ஆள் உங்கள் பக்கமிருந்து ஏறட்டும், கூலியில் பாதி நான் தருகிறேன், கட்டை உங்களுக்கு என்று கையைக் காட்டிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். சட்டப்படி அந்தப் பாதிக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் அவர் மண்ணில் ஏணி வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ஏணிக்கு நான் கொடுப்பது அது. பேசியதை இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது அடுத்த வருடத்துக்கு உதவும். வீடு கைமாறினால் ரொம்பவே உதவும்.

பேச்சு எடுபடாதபோது கோர்ட் இருக்கிறது. கிளையை அகற்றச் சொல்லியும், இனி வெட்டாமல் தடுத்தும் உத்தரவு கேட்கலாம். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க நீதிமன்றம் ஆணையரை அனுப்பலாம். வருடக்கணக்கில் இழுக்கும் வேலை இது, அதற்குள் கிளை இன்னும் ஆறடி நீளும். இந்த வகைத் தகராறுக்குப் பொருத்தமான இடம் சமரசம். 2007லிருந்து இங்கே நீதிமன்றத்தைச் சார்ந்த சமரச மையம் நடக்கிறது. வழக்குகளை நீதிபதிகளே அங்கு அனுப்புகிறார்கள். வழக்கில் ‘வெட்டலாம்’ அல்லது ‘வெட்டக் கூடாது’ என்று ஒரு பதில்தான் வரும். எந்தக் கணுவில், எந்த மாதத்தில், யார் செலவில் என்பதெல்லாம் சமரச மேஜையில்தான் பேச முடியும். மரத்துக்கு வேண்டிய பதிலும் அதுதான்.

எங்கள் சமரசம் நொறுங்கிய சோலார் குழாயில் ஆரம்பித்தது. சத்தம் கேட்டு அவரே மாடிப்படி ஏறி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ‘மரம் எங்களுது, செலவு நான் தர்றேன்’ என்றார், நான் வாங்கவில்லை. அந்த ஜூலையில் அனுமதி வாங்கி, அவர் சந்தில் ஏணி போட்டு, நான் விட்ட இரண்டு கட்டைகளையும் அந்தத் துடைப்பங்களோடு கழுத்தில் எடுத்தோம். எந்த இடத்தில் ரம்பம் வைக்க வேண்டும் என்று அவர் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு வெட்டுவாயில் வளையம் நன்றாக எழும்பி நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இடைவெளி இருக்கிறது. மற்றொன்றில் நான் விட்ட முளை வழியாக அழுகல் முன்னமே இறங்கிவிட்டது. அந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் அவர் ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்க்கிறார். போன வருடம் நாலு அங்குலம் போயிற்று. இந்த வருடமும் நாலு அங்குலம்தான்.